சீமெந்து இல்லாமல் நட்ட படலைக் கட்டை

கிளிநொச்சியில் எங்கட வளவுப் படலைக் கட்டை மூன்றே மாரியில் சாய்ந்துபோனது. சீமெந்து போட்டு நட்டதுதான். தோண்டிப் பார்த்தால் அடி நல்ல வயிரம். மண்மட்டத்தில் மட்டும் உக்கல். கட்டைக்கும் சீமெந்துக்கும் இடையில் விட்ட இடுக்கில் மழைத்தண்ணி நின்றிருக்கிறது.

இந்தமுறை பழைய கொட்டிலில் கழற்றிய 8 அடிப் பாலைக் கட்டை. வயிரத்தைச் சுற்றியிருந்த மென்மையான வெளிறைச் செதுக்கி எறிந்தேன். கறையான் முதலில் பிடிப்பது அதைத்தான். அலவாங்கால் இரண்டரை அடிக் கிடங்கு, அடியில் நாலு விரல் சல்லி. தோண்டின களிமண்ணைத் திரும்பப் போடவில்லை, அது மாரியில் ஊதிக் கோடையில் வெடிக்கும். கிறவல் எனும் சரளை மண்ணை அரை அடி அரை அடியாய்ப் போட்டு, தூக்குக்குண்டு பார்த்துப் பார்த்து, அலவாங்கின் மொட்டைப் பக்கத்தால் இடித்தேன். முழுக்க நிரப்பிவிட்டு மேலால் மிதித்தால் மேல்மண் மட்டும்தான் இறுகும்.

"இன்னும் இடியடா, சத்தம் மாறும்" என்றார் பெரியப்பா. மாறியது. 'பொத்' என்றது 'டொக்' ஆன பிறகுதான் அடுத்த படை. கை கொப்பளித்தது வேறு கதை.

கடைசியில் தண்ணி விலகி ஓட, கட்டையைச் சுற்றி மண் அணைத்துவிட்டேன். போனகிழமை பக்கத்து வளவு மாடு வந்து உரஞ்சியது. கட்டை அசையவில்லை.