கிராக் கிளைம்பிங் கையுறை: கம்பெனி பெயரைக் கடைசியில் பாருங்கள்

பாறை வெடிப்புக்குள் கையைச் செருகி ஏறுவதுதான் கிராக் கிளைம்பிங். அதற்குக் கையுறை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது அக்கா?" என்றுதான். அது கடைசிக் கேள்வி. உங்கள் கை என்ன அளவு, ஏறப்போகிற வெடிப்பு என்ன அகலம் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கடை தானாகவே கழிந்துவிடும். நான் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற வீட்டில் பிறந்தவள். கையும் சின்னது. அதனால் ரப்பரைப் பற்றியும் அளவைப் பற்றியும் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெடிப்புக்குள் கையை நுழைத்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் கை உள்ளே தடித்துக்கொள்ளும். விரல் நுனிகளும் உள்ளங்கையின் அடிப்பகுதியும் ஒரு சுவரில் அழுந்தும், புறங்கை எதிர்ச் சுவரில் அழுந்தும். ஹேண்ட் ஜாம் என்பது இதுதான். அந்தக் கையில் தொங்கும்போது தோல் உரிவது புறங்கையிலும் விரல் மொளிகளிலும். ஆகவே கையுறைக்குக் காப்பு வேண்டியது புறங்கைப் பக்கம். உள்ளங்கை திறந்திருந்தால் இன்னும் நல்லது, பாறையைத் தொட்டு அறிய முடியும்.

நாகர்கோவில் கடைகளில் கிடைக்கிற கையுறைகளை இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். சைக்கிள் கையுறையில் பஞ்சு வைத்திருப்பது உள்ளங்கையில், நமக்கு அது தலைகீழ். கட்டட வேலைக்கான ரப்பர் பூசிய நூல் கையுறை விரல் நுனிவரை மூடும், ஜாம் போட்டால் நூல் தனியாக நழுவும். கயிறு பிடிக்கிற தோல் கையுறை கயிறு பிடிக்கத்தான். இதெல்லாம் மலிவு என்று வாங்கி வருகிறவர்களுக்குச் செலவு இரண்டாகிறது.

எங்கள் மாவட்டத்துப் பாறைக்குத் தனியாக ஒரு குணம் உண்டு. கன்னியாகுமரிக் கடற்கரையில் கலர் மணலைப் பொட்டலம் கட்டி விற்பார்களே, அதில் சிவப்பாக இருப்பது கார்னெட். மணவாளக்குறிச்சி மணலிலும் அது உண்டு. உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற அதே கார்னெட்தான். இங்குள்ள பாறைகள் பலவற்றில் அந்த மணிகள் அப்படியே பதிந்திருக்கின்றன, மழையும் காற்றும் சுற்றியுள்ளதைக் கரைத்துவிட்டு அவற்றை மேலே துருத்தவிட்டிருக்கின்றன. வெடிப்பின் உள்சுவரை விரலால் வருடிப் பாருங்கள், புரியும். அமெரிக்காவின் இந்தியன் கிரீக் மணற்பாறை வெடிப்புகள் இரண்டு பக்கமும் வழவழவென்று இணையாக ஓடும். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு மெல்லிய கையுறையே போதும் என்று நினைத்தால், இங்கே சாயங்காலம் சோற்றில் குழம்பு ஊற்றும்போது கை எரியும்.

இனி அளவு. கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல் மொளிகளையும் சுற்றித் தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். வலக்கைக்காரர்களுக்கு வலக்கை பெரும்பாலும் ஒரு நூல் பெரிதாக இருக்கும், அதையே எடுங்கள். கம்பெனியின் அட்டவணையில் இரண்டு அளவுக்கு நடுவில் விழுந்தால் சிறியதை எடுங்கள் என்பது என் கட்சி. வியர்வையும் இழுப்பும் சேர்ந்து எந்தக் கையுறையும் கொஞ்சம் தளரும். தளர்ந்த கையுறை ஜாமுக்குள் தோலை விட்டுத் தனியாகச் சுழலும், மொளியின் மேல் சுருளும், சுருண்ட இடத்தில் கொப்புளம். அதைவிட வெறுங்கையே மேல்.

அடுத்தது தடிமன். இங்கேதான் ஆண்களின் சிபாரிசு பெண்களுக்கு ஒத்துவராது. வெடிப்பின் அகலத்தைச் சொல்ல ஏறுகிறவர்கள் கேம் எண்ணைச் சொல்வார்கள். கேம் என்பது வெடிப்புக்குள் விரிந்து பிடித்துக்கொள்கிற, விழுந்தால் தாங்கக் கயிறு மாட்டும் கருவி. பிளாக் டயமண்ட் கம்பெனியின் கேமலாட் சி4 வரிசையில் 1-ஆம் எண் சிவப்பு, ஏறத்தாழ 30 முதல் 52 மில்லிமீட்டர் வரை. 2-ஆம் எண் மஞ்சள், 37 முதல் 65 வரை. 3-ஆம் எண் நீலம், 51 முதல் 88 வரை. சராசரி ஆணின் கை கச்சிதமாக உட்காருவது மஞ்சளில். சிவப்பில் அவருக்கு மொளி வரைதான் போகும், தடித்த ரப்பர் கையுறை போட்டால் அதுவும் போகாது. என் கைக்குச் சிவப்புதான் சொந்த வீடு. மஞ்சளில் கை லொடலொடவென்று ஆடும், கட்டைவிரலை எவ்வளவு மடக்கினாலும் பிடிப்பு அரைகுறைதான். அங்கே தடித்த கையுறை எனக்கு உதவி, அந்த ஓரிரண்டு மில்லிமீட்டரில் கை நிரம்பிவிடும். நீலத்தில் நான் முஷ்டியைக் குறுக்காக வைத்து ஏறுகிறவள், மொளி ஓரங்களுக்குக் காப்பு வேண்டும்.

ஆகவே எந்த வெடிப்பில் நீங்கள் அதிகம் ஏறுவீர்கள் என்று பாருங்கள். உங்கள் கைக்கு இறுக்கமான வெடிப்பென்றால் மெல்லிய கையுறை, இல்லாவிட்டால் கையில் சுற்றுகிற டேப். கச்சிதமோ தொளதொளப்போ என்றால் ரப்பர் தடித்தது. விரல் மட்டும் நுழைகிற வெடிப்புக்குக் கையுறையே வேண்டாம்.

பார்சல் வந்ததும் பாறைக்கு ஓடாதீர்கள். அழுக்காக்காமல் வீட்டிலேயே பாருங்கள், திருப்பி அனுப்பும் வழி திறந்திருக்கட்டும். மோதிரம் இருந்தால் முதலில் கழற்றுங்கள். வெடிப்பில் மோதிரம் மாட்டினால் விரல் தோலையே உரித்துவிடும், கல்யாண மோதிரமானாலும் அப்படித்தான். கையுறையைப் போட்டு முஷ்டி பிடியுங்கள். மொளிகள் ரப்பருக்கு வெளியே எட்டிப்பார்த்தால் அளவு தப்பு. கையை விரியுங்கள், புறங்கையில் மடிப்பு விழுந்தாலும் தப்பு. விரல் வளையங்கள் விரலடியில் உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டு டீ குடியுங்கள், நுனி சிவந்து மரத்துப்போனால் வளையம் இறுக்கம். அப்புறம் புறங்கையை மேசை விளிம்பில் அழுத்தி மணிக்கட்டைத் திருகுங்கள். கையுறையும் தோலும் ஒன்றாக நகர வேண்டும். மணிக்கட்டு வெல்குரோவின் முனை புறங்கைப் பக்கம் முடிந்தால் வெடிப்பில் உரசித் திறந்துகொள்ளும், உள்பக்கம் முடிவது உத்தமம்.

எங்கள் கார் ஷெட்டில் இரண்டு அயனிப் பலகைகளை இடைவெளி விட்டு போல்ட் போட்டு வைத்திருக்கிறேன். புதுக் கையுறை முதலில் தொங்குவது அதில்தான். அயல்வீட்டு மாமா, "இது எதுக்காக்கும் மக்களே, துணி காயப்போடவா?" என்று கேட்டார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டாம் ராண்டலும் பீட் விட்டேக்கரும் வீட்டு நிலவறையில் இப்படி மர வெடிப்பு செய்து பழகித்தான் 2011-ல் அமெரிக்காவின் யூட்டாவில் செஞ்சுரி கிராக் என்ற வெடிப்பை ஏறினார்கள் என்று சொன்னேன். மாமாவுக்கு அது பெரிதாகப் படவில்லை.

ரப்பருக்கு வருவோம். புறங்கை ரப்பரில் நகத்தால் அழுத்துங்கள். குழி விழுந்து மெல்ல எழும்பினால் நல்ல பிடிப்புள்ள சரக்கு. பிளாஸ்டிக் மாதிரி டக்கென்று வழுக்கினால் வேண்டாம். ரப்பரின் ஓரத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். ஓரம் வெட்டு வெட்டாக நிமிர்ந்து நின்றால் பாறையில் முதலில் கழன்று வருவது அதுதான். துணியோடு படிந்து, சரிவாகச் சீவியது போல முடிந்திருக்க வேண்டும். மொளிகளின் மேல் தையல் ஓடுகிற கையுறையை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடமாட்டேன். உள்துணி தோலா மைக்ரோஃபைபரா என்றால், இந்த ஊருக்கு மைக்ரோஃபைபர். ஆடிச் சாரலில் தோல் காயவே காயாது, பூஞ்சை பிடித்துவிடும்.

முதல் தடவையே அவ்வளவு பணம் போட மனமில்லையா, டேப் கையுறை செய்துகொள்ளலாம். மருந்துக்கடையில் துணிப் பிளாஸ்டர் கேளுங்கள், காகித டேப் உழைக்காது. 5 சென்டிமீட்டர் அகலச் சுருள் வாங்கி, விரலடிக்கு நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாகக் கிழியுங்கள். ஒவ்வொரு விரலடியையும் தளர்வாகச் சுற்றி இரண்டு முனைகளையும் புறங்கை வழியே மணிக்கட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மொளிகளுக்குக் கீழே புறங்கையில் குறுக்குப் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறினாற்போல். மணிக்கட்டைச் சுற்றும்போது முஷ்டி பிடித்தே இருங்கள், இல்லையென்றால் ஏறும்போது கை வீங்கி ரத்த ஓட்டம் நிற்கும். முடியுள்ளவர்கள் புறங்கையில் முதலில் ஒட்டும் பட்டையைப் பசைப்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள், உரிக்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். முடிந்ததும் மணிக்கட்டின் உள்பக்கம் கத்தரித்துக் கழற்றினால் அடுத்த முறையும் போடலாம்.

எங்கே ஏறினாலும், காட்டு எல்லைக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி வாங்கியபிறகுதான். கோயில் உள்ள மலையென்றால் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. ஏறி இறங்கியதும் பைக்குள் திணிக்காமல் பைக்கு வெளியே கட்டித் தொங்கவிடுங்கள். வியர்வை உப்பு ஏறினால் குளிர்ந்த தண்ணீரில் சும்மா அலசினால் போதும். வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள். ஷீட் அதிக நேரம் வெயிலில் கிடந்தால் பிசுபிசுத்துப் போகும் என்று அப்பா கத்துவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். காற்றோட்டமுள்ள நிழலே எந்த ரப்பருக்கும் நல்லது. ஓரம் லேசாகக் கழன்றால் அன்றே கவனியுங்கள். அழுக்கைத் துடைத்து, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, செருப்புத் தைப்பவரிடம் உள்ள ஒட்டுப்பசையை மெல்லிதாகத் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவு உலர்ந்தபிறகு அழுத்தி ஒட்டி, ராத்திரி முழுக்க மேலே ஒரு செங்கல் வையுங்கள். ரப்பரே தேய்ந்து துணி தெரிந்துவிட்டால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, அடுத்தது வாங்க வேண்டியதுதான்.