கலிபோர்னியாவில் நர்சிங் படிக்க: கம்யூனிட்டி காலேஜா, தனியார் கல்லூரியா?

எனக்கு ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) உரிமம் கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. "கம்யூனிட்டி காலேஜில் இடம் கிடைக்கவே ரொம்ப நாள் ஆகுமாமே, பேசாமல் தனியாரில் சேர்ந்துவிடலாமா அக்கா?" என்று இப்போது பலர் கேட்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜ் என்பது இங்கே அரசு நிதியில் நடக்கும் இரண்டாண்டுக் கல்லூரி. நான் எந்த வரிசையில் முடிவெடுத்தேனோ அதே வரிசையில் சொல்கிறேன்.

படி 1: போர்டின் பட்டியலைத் திறங்கள்

எந்தக் கல்லூரிக்கும் போன் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். செவிலியர் உரிமம் வழங்கும் மாநில அமைப்பான கலிபோர்னியா போர்டு ஆஃப் ரெஜிஸ்டர்டு நர்சிங் தன் தளத்தில் அனுமதி பெற்ற கல்லூரிகளையும், அவற்றின் மாணவர்கள் முதல் முயற்சியில் என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் பெற்ற தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது போர்டின் விதி. ஒரு வருடக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து வருடம் பாருங்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் பாருங்கள். பத்து பேர் எழுதி பத்து பேரும் தேறியதற்கும் நூறு பேர் எழுதி 95 பேர் தேறியதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. விளம்பரத்தில் நர்சிங் என்று போட்டிருப்பது எல்.வி.என். (ஆர்.என்.னுக்குக் கீழ்நிலை உரிமம்) படிப்பாகவும் இருக்கலாம், கவனம்.

கம்யூனிட்டி காலேஜின் ஏ.டி.என். (நர்சிங்கில் இளங்கலைக்குக் கீழான அசோசியேட் பட்டம்) ஆகட்டும், தனியாரின் பி.எஸ்.என். (நர்சிங்கில் இளங்கலைப் பட்டம்) ஆகட்டும், கடைசியில் எழுதுவது அதே என்கிளெக்ஸ், கிடைப்பது அதே உரிமம்.

படி 2: ஊர் மதிப்பெண் சான்றிதழ்கள்

நான் ஆறு மாதம் இழந்தது இங்கேதான். மதுரையில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்திருந்தேன். அந்தப் பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். விலை குறைந்த 'டாக்குமென்ட்-பை-டாக்குமென்ட்' அறிக்கையை வாங்கினேன். "இவருடைய பட்டம் இங்குள்ள இளங்கலைக்குச் சமம்" என்று மட்டும் அதில் இருந்தது. எந்தப் பாடம், எத்தனை யூனிட் (பாடத்தின் அளவு), என்ன கிரேடு என்று எதுவும் இல்லை. கல்லூரி ஏற்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது 'கோர்ஸ்-பை-கோர்ஸ்' அறிக்கை. அறிக்கை தருவது நேசஸ் (மதிப்பீட்டு நிறுவனங்களின் சங்கம்) உறுப்பு நிறுவனமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மதிப்பெண் சான்றிதழ்களை உறையிலிட்டு, முத்திரை வைத்து, ஊர்ப் பல்கலைக்கழகமே அனுப்ப வேண்டியிருக்கும். எனக்காகத் தம்பி மூன்று முறை அலைந்தான்.

அறிக்கை வந்த பிறகும் ஒரு சிக்கல். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் பாடங்களுக்குப் பல கல்லூரிகள் ஐந்து அல்லது ஏழு வருடக் கெடு வைத்திருக்கின்றன. என் படிப்போ பழையது. மூன்றையும் லேபோடு மறுபடி படித்தேன். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையும் இங்கேதான் படிக்கச் சொன்னார்கள். பழைய பட்டம் பொதுப் பாடங்களுக்கு உதவியது, சேர்க்கைப் புள்ளிகளிலும் கைகொடுத்தது.

நர்சிங்கில் சேரும் முன் முடிக்க வேண்டிய இந்த ப்ரீ-ரெக் பாடங்களை கம்யூனிட்டி காலேஜிலேயே முடியுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு எங்கே போனாலும் பெரும்பாலும் செல்லும். அந்த யூனிட்டுகள் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நடுவில் கஷ்டமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பாடத்தை நடுவில் விட்டதற்காக டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) ஏறும் 'டபிள்யூ' பல இடங்களில் மறுமுயற்சிக் கணக்கில் சேர்ந்து புள்ளியைக் குறைக்கும்.

படி 3: பணம்

கம்யூனிட்டி காலேஜில் மாநில வாசிக்கு (கலிபோர்னியாவில் வசிப்பவர் என்று கல்லூரி ஏற்றவருக்கு) ஒரு யூனிட் 46 டாலர். ப்ரீ-ரெக்கோடு சேர்த்து 80 யூனிட் என்று வைத்தால் 3,680 டாலர். புத்தகம், சீருடை, தடுப்பூசிச் செலவு தனி. தனியாரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் படிப்புகளும் உண்டு.

படி 4: காத்திருப்பு

கம்யூனிட்டி காலேஜில் சில இடங்களில் புள்ளி முறை, சில இடங்களில் குலுக்கல். டீஸ் என்ற நர்சிங் நுழைவுத் தேர்வில் குறைந்தது 62 சதவீதம் வேண்டும். அதற்கு அந்தத் தேர்வை நடத்தும் ஏ.டி.ஐ. நிறுவனத்தின் சொந்தப் புத்தகமே போதும், யூடியூபில் நேரம் போக்காதீர்கள். ஒரே கல்லூரியை நம்பாமல் வண்டியில் போய்வரக்கூடிய தூரத்தில் நான்கைந்துக்கு விண்ணப்பியுங்கள்.

நான் ஒரு தனியார் கல்லூரிக்கும் போனேன். அங்கே கொடுப்பதும் ஏ.டி.என்.தான். "இந்த வாரத்தோடு சீட் முடிகிறது, இன்றே கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். உங்கள் யூனிட்டை அரசுப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று கேட்டேன், நேரான பதில் வரவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். ஏற்க மாட்டோம் என்று பதில் வந்தது. இந்தக் கேள்வியை நீங்களும் எழுத்திலேயே கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள்.

தனியாரே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கல்லூரி முழுமைக்கும் வாஸ்க் அமைப்பின் அங்கீகாரம், நர்சிங் படிப்புக்கு சி.சி.என்.இ. அல்லது ஏசென் அமைப்பின் அங்கீகாரம், நல்ல தேர்ச்சி விகிதம் மூன்றும் இருந்து, இரண்டு சுற்று முயன்றும் கம்யூனிட்டி காலேஜில் இடம் கிடைக்கவில்லை என்றால் தாராளமாக யோசிக்கலாம். பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். விரும்புவது உண்மைதான். ஏ.டி.என். முடித்து வேலை பார்த்துக்கொண்டே அதைப் படிக்க முடியும், நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன்.

பின்சேர்க்கை

எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் ஒரு தங்கை, வெளிமாநிலக் கட்டணம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். எச்-4 விசாவில் இருப்பவர்களும் இங்கே மாநில வாசி ஆகலாம், எஃப்-1 மாணவர் விசாவில் முடியாது. ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வசித்திருக்க வேண்டும், இங்கேயே தங்கப் போகிறோம் என்பதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமம், மாநில வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். அந்த ஒரு வருடம் முடிகிறதா என்பதை, செமஸ்டர் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளை வைத்துத்தான் பார்ப்பார்கள். அதனால் இங்கே வந்து இறங்கியதுமே இந்தக் காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுங்கள்.