மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால்: புதிதாக வேலைக்கு வந்த சிஸ்டர்களுக்கு

ராமநாதபுரம் கடலோரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சின்ன கிளினிக்கிலோ இப்போதுதான் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊசி போடுவது, பிபி பார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இதுவே பெரும்பாடு. படகுக்கு ஐஸ் ஏத்தணும் என்று கிளம்பிவிடுவார்கள். "அண்ணே, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க" என்று சொல்லி, வெளி பெஞ்சில் விடாமல் உங்கள் கண்ணில் படும் இடத்தில் உட்கார வையுங்கள்.

படி 2: அரிப்பும் தடிப்பும் மட்டும் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கூடவே இருங்கள். அதோடு குரல் கம்மல், மூச்சு இழுப்பு, மயக்கம், பிபி இறக்கம் என எது சேர்ந்தாலும் அனாபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் ஒன்றும் தெரியாமலும் அது வரும்.

படி 3: ஏறிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்துங்கள், கான்யுலாவை (நரம்பில் சொருகியிருக்கும் குழாயை) பிடுங்காதீர்கள். புது செட்டில் நார்மல் சலைன் போகட்டும். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மி.லி., நடுத்தொடையின் வெளிப்பக்கம், தசைக்குள். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.லி. 5 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு டோஸ். அவில் (அரிப்பு, அலர்ஜி ஊசி), ஹைட்ரோகார்ட்டிசோன் (ஸ்டீராய்டு) எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒருவர் ஊசி போடும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். பாம்பன், தங்கச்சிமடம் இருக்கும் ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் போய்ச்சேர நேரமாகும். டாக்டர் வரும்வரை காத்திராமல் அட்ரினலின் போடலாம் என்று அவர் கையெழுத்திட்ட நிலையான உத்தரவை முன்கூட்டியே வாங்கிச் சுவரில் ஒட்டி வைத்தால் அந்த நேரத்தில் தயக்கம் இருக்காது.

சிரிஞ்ச் என்றால் என் ஓட்டு 1 மி.லி. சிரிஞ்சுக்கு, 23ஜி ஊசியோடு. இன்சுலின் சிரிஞ்ச் வேண்டவே வேண்டாம். அதன் ஊசி குட்டை, தசையைத் தொடாது. கோடுகளும் யூனிட் கணக்கில் இருக்கும். ஆம்பியூலையும் சிரிஞ்சையும் ஒரே டப்பாவில் வைத்து, மூடியில் டோஸை எழுதி ஒட்டுங்கள்.

படி 4: எந்த மருந்து, எத்தனை மணிக்கு, கூட என்ன சாப்பிட்டார்? எனக்குப் பிடிபட நாளானது இதுதான். "என்ன மாத்திரை போட்டீங்க?" என்றால் "மெடிக்கல்ல குடுத்த செவப்பு மாத்திரை" என்பார்கள். பேர் கேட்டுப் பயனில்லை. அட்டையையே எடுத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் உடம்பில் அதே இடத்தில் கருந்தழும்பு வருகிறதா என்றும் கேளுங்கள். வலி மாத்திரையாலும் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்காலும் அப்படி வரும்.

அப்புறம் மீன். காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர் மத்தியானம் சூரைக் குழம்பு சாப்பிட்டு, கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, அரிப்போடு வருவார். சூரை, அயிலை போன்ற மீன்கள் ஐஸ் சரியாக இல்லாமல் கிடந்தால், அரிப்பும் முகச்சிவப்பும் வரவைக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் அதில் சேரும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. சாதாரணமாக உடம்பு கொஞ்சத்தைச் சமாளித்துவிடும். அதைச் சிதைக்கும் நொதியை ஐசோனியாசிட் தடுத்துவிடுவதால் இவருக்கு மட்டும் தாங்காது. அதனால் வீட்டில் அதே குழம்பைச் சாப்பிட்ட மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். எல்லோருக்கும் வந்திருந்தால் மீன்தான் கெட்டது. இவருக்கு மட்டும் என்றால் மாத்திரையும் மீனும் சேர்ந்த வேலையாக இருக்கலாம். படி 2-இல் சொன்ன அறிகுறி இருந்தால் இந்த விசாரணையெல்லாம் பிறகு, முதலில் அட்ரினலின். காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள், டாக்டர் முடிவு செய்யட்டும்.

படி 5: மருந்து ஒத்துக்கொள்ளாததைத் தெரிவிக்கும் புகார் படிவம். நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள், என்ன நடந்தது, சந்தேகப்படும் மருந்து, தெரிவிப்பவர் விவரம்: இந்த நான்கும் இருந்தாலே அனுப்பலாம். நிரூபணம் வேண்டாம், சந்தேகமே போதும். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. நோயாளி சீட்டின் மேலேயும் சிவப்பு மையில் மருந்தின் பெயரை எழுதுங்கள். வெறும் "அலர்ஜி" என்று எழுதினால் அடுத்த சிஸ்டருக்கு ஒன்றும் புரியாது.

பின்சேர்க்கை: பாம்புக்கடி மருந்துக்கு டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதில் ஒன்றும் வராவிட்டாலும் முழு மருந்து ஏறும்போது ரியாக்ஷன் வரலாம், நேரம்தான் வீண். அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள், முதலில் மெதுவாக ஏறட்டும்.