நடவு வயலில் படமெடுப்பது எப்படி: முதுகோடு நிறுத்தாமல் முகமும் கிடைக்க

நெல் நடவு என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். வரிசையாகக் குனிந்த முதுகுகள், கலர் கலராகப் புடவை, பின்னால் நாலு தென்னை மரம். யாருக்கும் முகம் இருக்காது. காவிரி டெல்டாவுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் நாள் இதே படத்தோடுதான் திரும்புவார்கள், ஏனென்றால் அந்த வேலை நடக்கும் விதமே அப்படி. அதை எப்படிச் சமாளிப்பது என்பதற்குத்தான் இந்தப் பதிவு. ஷட்டர் என்றால் என்ன, ஐஎஸ்ஓ என்றால் என்ன என்பதெல்லாம் இங்கே கிடையாது. போனில் எடுப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில், எப்போது போவது

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் ஒழுங்காக வந்தால் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் குறுவை நடவு. போர்வெல் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே நட ஆரம்பித்துவிடுவார்கள். சம்பா நடவு பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர். தாளடி அதற்கும் பின்னால். புதிதாக எடுப்பவர்கள் சம்பாவுக்கே போங்கள். குறுவை நேரத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும் (தஞ்சாவூர் பக்கம் ஜூனில் உச்சியைத் தாண்டிச் சற்று வடக்கேகூட நகர்ந்திருக்கும்), குனிந்து வேலை செய்கிறவரின் முகத்தில் துளி வெளிச்சம் விழாது. சம்பாவில் வானம் பாதி நாள் மூடிக் கிடக்கும், வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி வரும். பளிச்சென்ற நீல வானம் கிடைக்காதே என்று வருத்தப்படாதீர்கள், இந்தப் படத்துக்கு வானம் தேவையே இல்லை.

கிளம்புவதற்கு முன் அந்த ஊரில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: கை நடவா, மெஷின் நடவா, இல்லை நேரடி விதைப்பா? இப்போது பல ஊர்களில் மெஷின் வந்துவிட்டது. திருந்திய நெல் சாகுபடி என்றால் 14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒற்றை ஒற்றையாக நடுவார்கள், கோடு போட்டதுபோல் வரிசை வரும். சாதா நடவில் அந்த நேர்த்தி இருக்காது, ஆனால் கைகள் வேகமாக ஓடும். எனக்குச் சாதா நடவுதான் பிடிக்கும். வரிசை ரொம்ப ஒழுங்காக இருந்தால் பார்க்கிறவரின் கண் ஆளை விட்டுவிட்டுக் கோட்டின் பின்னால் போய்விடுகிறது.

அனுமதி

வயல்காரர் "எடுத்துக்கங்க தம்பி" என்று சொன்னதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அவர் தருவது வரப்பில் நிற்க அனுமதி. நடுகிற பெண்களின் அனுமதியை அவர்களிடம்தான் வாங்க வேண்டும், அதுவும் வயல்காரர் பக்கத்தில் இல்லாதபோது. அவர் எதிரில் நிற்கும்போது யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டதை ஒட்டி எழுந்த பகையில், கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது இதே டெல்டாவில்தான். நிலத்துக்காரருக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கும் நடுவே நமக்குத் தெரியாத கணக்கு நிறைய இருக்கும், ஒரு பக்கத்து ஆளாகப் போய் நிற்காமல் இருப்பது நல்லது.

ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு அக்கா எப்போதும் இருப்பார். யாரென்று கண்டுபிடிப்பது சுலபம், அவர் குரல்தான் பெரிதாகக் கேட்கும். அவரிடம் முதலில் பேசுங்கள். எதற்கு எடுக்கிறீர்கள், எங்கே போடப் போகிறீர்கள் என்பதை நேராகச் சொல்லுங்கள். "பேப்பர்ல வருமா?" என்று கேட்பார்கள், வராது என்றால் வராது என்றே சொல்லிவிடுங்கள். யாராவது ஒருவர் "என்னைய எடுக்காதப்பா, காலேஜ் படிக்கிற புள்ளைக்கு நான் நடவுக்கு வர்றது தெரியாது" என்று சொல்லக்கூடும். அப்படியானால் வரிசையில் அவர் நிற்கும் பக்கமே கேமரா போகக் கூடாது. பின்னால் மங்கலாகத்தானே தெரிகிறார் என்ற சமாதானமெல்லாம் செல்லாது, ஊர்க்காரர்கள் புடவையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

காண்ட்ராக்டில் ஏக்கர் கணக்கில் நடுகிறார்களா, நாள் கூலியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காண்ட்ராக்ட் என்றால் நீங்கள் நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கையிலிருந்து போகிற காசு. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பது எனக்குப் பிடிக்காது, ஆனால் போஸ் கொடுக்கச் சொல்லி நிறுத்திவைத்தால் அந்த நேரத்துக்குக் கூலி தர வேண்டியதுதான் நியாயம். நிறுத்தாமல் இருப்பது அதைவிட நியாயம்.

எங்கே நிற்பது: இதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள்

நடவு பின்னோக்கிப் போகும் வேலை. நட்ட நாற்றை மிதிக்கக் கூடாது என்பதால் பெண்கள் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். இதைக் கவனிக்காமல் வசதியாக இருக்கிற வரப்பில் போய் நின்றால், பெரும்பாலும் அது அவர்கள் வந்து சேரப்போகிற வரப்பாக இருக்கும், வரிசை முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு உங்களை நோக்கி வரும். சரி என்று எதிர்ப்பக்கம் போனால் இன்னொரு சிக்கல். முகம் உங்கள் பக்கம்தான், ஆனால் குனிந்திருப்பதால் நின்ற வாக்கில் எடுத்தால் தலைத்துண்டுதான் தெரியும், நேரம் போகப் போக அவர்கள் உங்களை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நடவு தொடங்குகிற முனையில், அவர்கள் இறங்குவதற்கு முன்பே, பக்கவாட்டு வரப்பில் உட்கார்ந்துவிடுங்கள். வரிசையின் கடைசி ஆள் உங்களிடமிருந்து இரண்டு மூன்று மீட்டரில் இருப்பார். நேர் பக்கவாட்டில் வேண்டாம், அவர் முகம் பார்க்கும் திசையில் கொஞ்சம் முன்னே தள்ளி. கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இறக்குங்கள். மடங்கும் ஸ்கிரீன் இருந்தால் அதைத் திருப்பிக்கொள்ளலாம். போனில் எடுப்பவர்கள் போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் இன்னும் கீழே வரும். இந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் குனிந்த முகம் தெரியும். அவர்கள் ஒரு பத்தடி பின்னால் நகர்ந்ததும் நீங்களும் வரப்பில் அதே அளவு நகருங்கள்.

கையை எடுக்கச் சரியான இடமும் இதுதான். இடது முழங்கை தொடையில் ஊன்றியிருக்கும், அந்தக் கையில் நாற்றுக் கற்றை. பெருவிரல் இரண்டு மூன்று நாற்றைத் தள்ளிக் கொடுக்கும், வலது கை வாங்கிச் சேற்றில் செருகிவிட்டு மேலே வருவதற்குள் அடுத்தது தயாராக இருக்கும். பார்வை கைக்குப் போவதே இல்லை, பேச்சு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, நகக்கண்ணில் மட்டும் கருப்பு. இதற்கு ஷட்டர் வேகம் 1/500 வேண்டும். 1/125 என்றால் கை புகையாகிவிடும், சிலர் அதையே அழகு என்பார்கள், எனக்கு ஒப்பவில்லை.

அப்புறம் காத்திருப்பது. இடுப்புப் பிடித்துக்கொள்ளும்போது எல்லோரும் எப்போதாவது ஒருமுறை நிமிர்வார்கள். புறங்கையால் நெற்றியைத் துடைப்பார்கள், துண்டை அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள், நாற்று முடி (நாற்றுக் கட்டு) தீர்ந்துபோனால் பறிக்கிற ஆளைச் சத்தம் போடுவார்கள். முகம் கிடைப்பது அந்த நேரத்தில்தான். நாற்று முடி குறைவதைப் பார்த்தாலே யார் அடுத்து நிமிரப் போகிறார் என்று சொல்லிவிடலாம். "அக்கா, இங்க பாருங்க" என்று மட்டும் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் கல்யாண வீட்டு போட்டோ மாதிரி ஒரு முகம் வரும், அதற்கு இவ்வளவு சேற்றில் வந்திருக்கத் தேவையில்லை.

முகம் கருத்துப்போவது

நீர் நிறைந்த வயலில் வானம் அப்படியே பிரதிபலிக்கும். கேமரா அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், மாநிற முகமெல்லாம் கரியாகிவிடும். ஆட்டோவில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். போன் என்றால் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்துவிட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியை மேலே தள்ளுங்கள். தண்ணீர் கொஞ்சம் வெளுத்துப்போகும், போகட்டும்.

நான் மேனுவலில் வைக்கவே சொல்வேன். காலை ஏழரை எட்டு மணி வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 1/500 என்று தொடங்கி, கன்னத்தைப் பார்த்து ஒரு ஸ்டாப் இப்படியோ அப்படியோ மாற்றுங்கள். மேகம் வந்தால் ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றினால் போதும். வெளிச்சம் நிலையாக இருக்கும்வரை, வெள்ளைச் சட்டை போட்டவர் ஃபிரேமுக்குள் வந்தாலும் போனாலும் படம் மாறாது. இது முக்கியம், ஏனென்றால் புடவைக்கு மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பலர் வேலை செய்வார்கள், அதில் பாதி வெளிர் நிறமாக இருக்கும். ரா ஃபைலில் எடுங்கள். ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஃபிரேம் முழுக்க நாற்றின் பச்சை வரும்போது ஆட்டோ குழம்பி, தோல் நிறத்தைக் கெடுத்துவிடும்.

லென்ஸ் என்றால் 35 எம்எம், அதுவே போதும். 70-200 ஜூம் லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனால் தூரத்தில் நின்று எடுத்த படத்தில் அந்தத் தூரம் தெரியத்தான் செய்கிறது. போலரைசர் போட்டால் தண்ணீரின் பளபளப்பு குறைந்து பச்சை ஏறும், கூடவே ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு வெளிச்சமும் போகும், பிரதிபலிப்பும் போய் வெறும் சேறு மிஞ்சும். தண்ணீருக்குள் இருக்கும் விரல்களை எடுக்க மட்டும் அது பயன்படும்.

வயலுக்குள் இறங்குவதாக இருந்தால் கேட்டுவிட்டு, வெறுங்காலோடு, நடாத பக்கமாக இறங்குங்கள். ஷூ உள்ளேயே மாட்டிக்கொள்ளும். லென்ஸ் மாற்றுவது, டிரைபாட் நிறுத்துவது எல்லாம் அங்கே நடக்காத காரியம்.

நடவோடு நிறுத்தாதீர்கள். விடியற்காலை நாற்றங்காலில் பறித்த முடியைக் காலில் தட்டிச் சேறு உதிர்ப்பது, சில ஊர்களில் முதல் நாற்றுக்கு முன் போடும் குலவை, வரப்பில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பது, சாயங்காலம் கூலியை எண்ணிப் பிரிப்பது என்று எடுக்க நிறைய உண்டு. கூலி பிரிக்கும் இடத்தில் மட்டும் மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு எடுங்கள்.

படத்துக்குக் கீழே

ஐநா 2026ஐப் பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருப்பதால் இந்த மாதிரிப் படங்களுக்கு இப்போது கிராக்கி அதிகம். "உழைக்கும் கரங்கள்" என்று கேப்ஷன் போட்டு அனுப்பாதீர்கள். பெயர் போடச் சம்மதமா, சொந்த நிலமா, குத்தகையா, கூலிக்கு வந்தவரா, எந்த ஊர், என்ன பட்டம் (குறுவையா, சம்பாவா) என்று அன்றைக்கே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், மறுநாள் ஞாபகம் இருக்காது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய, கிராமப்புற மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் பாரி (PARI) இணையதளத்தில் படக்குறிப்புகளை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள், தமிழிலும் இருக்கிறது. சம்மதம் இல்லையென்றால் பெயரும் ஊரும் வேண்டாம், படத்தில் ஜிபிஎஸ் விவரம் ஒட்டிக்கொண்டு போகிறதா என்றும் பார்த்து நீக்கிவிடுங்கள்.

பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் போன் வைத்திருக்கும் மகனிடம்தான் போய்ச் சேரும். கொடுப்பதற்கு அவர் நிமிர்ந்து நிற்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள், சேற்றுக் கையின் க்ளோசப்பை யாரும் வீட்டில் மாட்ட மாட்டார்கள்.

பிற்சேர்க்கை: ரோஸ், சிவப்புப் புடவைகள் மட்டும் ஒரே நிறத் திட்டாக வருகின்றன, மடிப்பே தெரியவில்லை என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிவதால் வருவது அது. வெள்ளை ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில்) தெரியாது, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்குங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் ரா ஃபைலில் சிவப்பின் சாச்சுரேஷனைக் குறைத்துப் பார்க்கலாம், பாதியாவது திரும்பிவரும்.

இன்னொன்று, ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனித்துப்போவது. துடைக்காதீர்கள், துடைக்கத் துடைக்கப் படியும். கேமராவைப் பைக்குள் மூடி வைத்தபடியே கால் மணி நேரம் வெளியே விடுங்கள், அல்லது வரும் வழியிலேயே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.