முட்டி வலியோடு கடற்கரைச் சாலையில் சைக்கிள் பயிற்சி: நான் மீண்டு வந்த வழி

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எங்கள் பக்கம் மேடே கிடையாது. உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை சாலை தட்டையாகத்தான் போகும். "இந்தச் சாலையில் ஓட்டியா முட்டி போச்சு?" என்று கேட்டவர்கள் பலர். காற்றைக் கணக்கில் எடுக்காதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். இங்கே காற்றுதான் மேடு. மலைச் சாலையிலாவது இறக்கத்தில் காலுக்கு ஓய்வு உண்டு, நம் சாலையில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும்.

போன ஆடியில் வாரம் மூன்று நாள் பாம்பன் போய்த் திரும்பினேன். நான்காவது வாரம் மாடிப்படி இறங்க முடியவில்லை. அதிலிருந்து வெளியே வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில்: எங்கே வலிக்கிறது?

முட்டிச்சில்லைச் சுற்றி முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், அல்லது கியர் கனமாக இருக்கும். முட்டியின் பின்பக்கம் வலித்தால் சீட் உயரமாக இருக்க வாய்ப்பு அதிகம். முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ சைக்கிளை ஓரமாக வையுங்கள். எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு அப்புறம் மேலே படியுங்கள்.

இரண்டாவது: சீட் உயரம்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சின்ன வயதில் நாம் எல்லோரும் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்றுதான் ஓட்டக் கற்றோம். வாங்கிய கடையிலும் அப்படித்தான் வைத்துக் கொடுத்தார்கள். அது பழகுபவருக்குச் சரி. ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு ஆகாது. சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி அளவுக்கு மேல் மடங்கி, முட்டிச்சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. ஒரு மணி நேரத்தில் ஐந்தாயிரம் முறை அப்படி அழுந்தினால் என்ன ஆகும்?

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிக்குக் கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீளவேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதிதான் பெடலில் இருக்கும் என்பதால், அப்போது முட்டியில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். ஓட்டும்போது எந்தச் செருப்பு, ஷூ போடுவீர்களோ அதையே போட்டு அளவெடுங்கள். நான் வெறுங்காலோடு அளந்து ஒரு வாரம் வீணாக்கினேன்.

கணக்கு பிடித்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சுவரில் முதுகு ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு நோட்டை மேலே இழுத்துப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்புவரை அளக்கவேண்டும். அதை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் (பெடல் கைகள் சுற்றும் அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேற்பகுதிவரை இருக்கவேண்டிய நீளம் கிடைக்கும். எனக்கு 78 செ.மீ., விடை 69-க்கு ஒட்டி வந்தது. என் சீட் அதைவிட 6 செ.மீ. கீழே இருந்தது.

ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். அரை செ.மீ. ஏற்றி இரண்டு நாள் ஓட்டுங்கள், பிறகு அடுத்த அரை. இடுப்பு இருபுறமும் ஆடினால் அளவு தாண்டிவிட்டது என்று பொருள். நிற்கும்போது நுனிவிரல்தான் தரையைத் தொடும், பயமாக இருக்கும். பிரேக் பிடித்ததும் சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் கால் ஊன்றப் பழகுங்கள். இரண்டு நாளில் கைவந்துவிடும்.

மூன்றாவது: கியரும் காற்றும்

வலது முட்டி 15 விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 20 வந்தால் நிமிடத்துக்கு 80. அதற்குக் கீழே போனால் கியரை இலேசாக்குங்கள். எதிர்க்காற்றில் வேகத்தைக் காப்பாற்ற நினைப்பதுதான் முட்டிக்குக் கேடு. 20 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். வேகம் 12 ஆகக் குறைந்தாலும் பரவாயில்லை, கால் சுற்றுவது குறையக்கூடாது.

திசையையும் பாருங்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். பாம்பன் பக்கம் போகும்போது தள்ளிவிடும், நமக்குத்தான் பலம் வந்துவிட்டது என்று தோன்றும். திரும்பும்போது களைத்த காலோடு அதே காற்றை எதிர்க்கவேண்டும். என் முட்டி அப்படித்தான் போனது. அந்த மாதங்களில் முதலில் ராமநாதபுரம் பக்கம் போங்கள். கார்த்திகை, மார்கழி வாடையில் நேர்மாறாக, முதலில் மண்டபம் பக்கம். எப்போதும் எதிர்க்காற்றில் தொடங்கி, முதுகுக்காற்றில் வீடு வந்து சேருங்கள்.

நான்காவது: தூரத்தை விடுங்கள், நிமிடத்தை எண்ணுங்கள்

வலி குறைந்ததும் வாரம் மூன்று நாள், 20 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். ஓட்டும்போது லேசாக வலித்து மறுநாள் காலையில் இல்லையென்றால் தொடரலாம். மறுநாளும் இருந்தால் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்புங்கள். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். ஓட்டாத நாளில் மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி இறக்குங்கள். பத்து பத்தாக மூன்று முறை.

பாம்பன் சாலைப் பாலத்தைக் கடைசிக்கு வையுங்கள். 2 கி.மீ.க்கு மேல் நீளம், நடுவில் உயர்கிறது, பக்கவாட்டுக் காற்றும் உண்டு. ஏற்றம் தொடங்கும் முன்பே இலேசான கியருக்கு மாறி, உட்கார்ந்தபடியே ஏறுங்கள். வேடிக்கை பார்க்க வண்டிகளை ஓரங்கட்டி நிறுத்தியிருப்பார்கள், விடிந்ததும் போய்விடுவது நல்லது. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை அதற்கும் பிறகுதான். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் சுமார் 9 கி.மீ. நிழலே இல்லை, இருபுறமும் கடல், சாலையில் மணல் ஏறிக்கிடக்கும்.

சைக்கிள் வாங்கப்போகிறவர்களுக்கு: நம் பக்கத்துக்கு ஒல்லி டயர் ரேஸ் சைக்கிள் வேண்டாம். சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேல முள். 35 மி.மீ. டயர் போட்ட ஹைப்ரிட்தான் (ரேஸ் சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவான வகை) என் தேர்வு. பஞ்சரானால் டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறம் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். முள் இருந்தால் பஞ்சு சிக்கும்.

பிற்சேர்க்கை 1: கியர் இல்லாத சைக்கிளுக்கு என்ன செய்வது என்று தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பின்சக்கரத்தில் பல் கூடுதலான ஃப்ரீவீல் (செயின் ஓடும் பல்சக்கரம்) போடச் சொல்லுங்கள். வேகம் குறையும், மிதி இலேசாகும்.

பிற்சேர்க்கை 2: சீட்டைச் சரிசெய்தும் வலி திரும்பிவிட்டது என்று கீழக்கரை அக்கா ஒருவர் எழுதினார். சீட் கம்பி ஓட்ட ஓட்ட மெல்ல இறங்கியிருக்கிறது. சரியான உயரம் கிடைத்ததும் கம்பியும் சட்டமும் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிக் குறி வையுங்கள். உப்புக்காற்றில் கம்பி துருவேறி உள்ளேயே இறுகிவிடவும் கூடும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, அந்தக் குறிவரை இறக்கி முடுக்குங்கள்.