பழைய ரோடு சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவது எப்படி? அசல் பாகங்கள் அப்படியே இருக்க ஒரு செய்முறை

பழைய ரோடு சைக்கிள் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை, சுரண்டிப் புதுசாக பெயின்ட் அடிப்பது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கம்பெனி ஸ்டிக்கர், மூட்டுகளின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு, எல்லாம் ஒரே நாளில் போய்விடும், திரும்ப வராது. கீறல் இருந்தால் இருக்கட்டும், துரு பரவாமல் தடுத்தால் போதும்.

சரி, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் போன் கேமராவை எடுங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது, எந்த வாஷர் எந்தப் பக்கம், பிரேக் கட்டை எப்படித் திரும்பியிருக்கிறது, இதெல்லாம் பூட்டும்போது நினைவில் இருக்காது. கையோடு பாகங்களின் வயதையும் பார்த்துவிடலாம். பழைய ஷிமானோ பாகங்களின் பின்பக்கம் இரண்டு எழுத்து பொறித்திருக்கும். முதல் எழுத்து வருடம் (ஏ என்றால் 1976, பி என்றால் 1977), இரண்டாவது மாதம். ‘டிஎஃப்’ என்றிருந்தால் 1979 ஜூன். இத்தாலியக் கம்பெனியான காம்பக்னோலோவின் நுவோவோ ரெக்கார்ட் பின் டீரெய்லரில் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளி கியர் மாற்றும் பாகம்) ‘பேட்டன்ட் 74’ என்பதுபோல வருடமே இருக்கும். எல்லாப் பாகமும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் வந்தால் பெரும்பாலும் யாரும் மாற்றாத செட். ஃபிரேமில் ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர் இருந்தால் நல்ல குழாய், 1935 முதல் வந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகு.

அடுத்து ஃபிரேம். ஹேண்டில்பார் குழாய்க்கு (ஃபிரேமின் முன்முனையில் ஹேண்டில்பார் செருகும் குழாய்) பின்னால், அங்கிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். அலை அலையாக மேடு தட்டினால் வண்டி எப்போதோ நேராக எதிலோ மோதியிருக்கிறது, அதற்கு மேல் உழைப்பைப் போடலாமா என்று அங்கேயே யோசித்துவிடுங்கள். பின்பக்கம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும்: பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் ஒரு முனையில் கட்டி, ஹேண்டில்பார் குழாயைச் சுற்றி மறுமுனைக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி பிரிக்கலாம். சக்கரத்தை மறுபடி மாட்டி, வண்டி தரையில் நிற்கும்போதே பெடலைக் கழற்றுங்கள், அப்போதுதான் பிடிமானம் கிடைக்கும். இடது பெடல் இடது மரை, அதாவது கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். ஹேண்டில்பாரைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் ஸ்டெம்மின் மேலே இருக்கும் போல்ட்டை முழுசாகக் கழற்ற வேண்டாம். இரண்டு மூன்று சுற்று தளர்த்திவிட்டு, மரச் சுத்தியலால் போல்ட் தலையில் ஒரு தட்டு. உள்ளே இருக்கும் ஆப்பு கீழே இறங்கிவிடும், ஸ்டெம் தானாக அசையும்.

சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்தான் தலைவலி. எஃகுக் குழாய்க்குள் அலுமினியம் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் இரண்டும் அரித்து ஒட்டிப்போகும். துரு இளக்கும் எண்ணெயை மேலேயிருந்து ஊற்றி, வண்டியைத் தலைகீழாக வைத்துக் கீழ்வழியாகவும் ஊற்றி, இரண்டு மூன்று நாள் மறந்துவிடுங்கள். அப்புறம் பழைய சீட்டை மாட்டி அதையே கைப்பிடியாக வைத்து முறுக்குங்கள். சுத்தியல் வேண்டாம்.

கிராங்க் (பெடல் மாட்டும் கை) கழற்ற அதற்கென்றே உள்ள புல்லர் என்ற கருவி வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 22 மி.மீ. பழைய டிஏ கம்பெனி கிராங்குக்கு 23, பழைய ஸ்ட்ராங்லைட் கம்பெனிக்கு 23.35, இவை இரண்டிலும் 22-ஐப் போட்டு முறுக்கினால் அலுமினிய மரை உரிந்துவிடும். இன்னொன்று, போல்ட்டைக் கழற்றிய பிறகு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புல்லரை மாட்டினால் புல்லர் வாஷரைத்தான் தள்ளும், கிராங்க் அசையாது, நீங்கள் இன்னும் பலம் போடுவீர்கள், மரை போய்விடும்.

கிராங்கின் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன். செயின் பக்கக் கப் (குண்டுகள் உட்காரும் மரை வளையம்) எப்போதுமே இடது மரைதான் என்று எங்கோ படித்ததை நம்பி, ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் சொருகி அரை மணி நேரம் கடிகார திசையில் தொங்கினேன். அது இத்தாலிய ஃபிரேம். கழற்றுவதாக நினைத்து அவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியில் ஸ்பேனர் நழுவி, செயினுக்குப் பக்கத்தில் ஓடும் குழாயில் விரல் நீளத்துக்கு பெயின்ட் போனது. ஆங்கில மரையில் செயின் பக்கம் இடது மரை. இத்தாலிய மரையிலும் பிரெஞ்சு மரையிலும் இரண்டு பக்கமும் சாதாரண மரை. இத்தாலிய ஃபிரேமில் பாட்டம் பிராக்கெட் குழாயின் அகலம் 70 மி.மீ., மற்ற இரண்டும் பொதுவாக 68. ஒரு ஸ்கேல் வைத்து அளந்திருந்தால் முடிந்திருக்கும்.

சக்கரத்தில் ஒரே எச்சரிக்கை: ஆரக்கம்பிகளை மாற்றுவதாக இருந்தால், அவற்றை வெட்டுவதற்கு முன்பே ஃப்ரீவீலை (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுப்பு) கழற்றிவிடுங்கள். வெட்டிவிட்டால் சக்கரத்தின் நடுவிலுள்ள வெறும் ஹப்பை எங்கே பிடித்துத் திருப்புவீர்கள்?

இப்போது எனக்குப் பிடித்த வேலை, ஹப் ஓவராயில். அடியில் ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டு ஒரு பக்கத்துக் கோனை (அச்சில் மரையிட்டு குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) மட்டும் கழற்றுங்கள், மறுபக்கத்தைத் தொட வேண்டாம், அச்சின் இடம் மாறாமல் இருக்கும். பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகி பழுப்பாக இருக்கும், அதற்குள்ளே பால்ரஸ் குண்டுகள் புதைந்திருக்கும். எண்ணிக்கொண்டே எடுங்கள். பின் ஹப்பில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டுகள். முன் ஹப்பில் பெரும்பாலும் 3/16 அங்குலம், பக்கத்துக்குப் பத்து. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் அலசித் துடைத்தபின், கோனின் மேல் குண்டு ஓடிய தடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பளபளவென்று ஒரு கோடு இருந்தால் நல்லது. குண்டூசி குத்தியதுபோலக் குழிகள் இருந்தால் அந்தக் கோன் தேறாது. நல்ல கோன் அசலாகவே இருக்கட்டும், ஆனால் குண்டுகளைப் புதிதாகப் போடுங்கள். முப்பது வருடக் குண்டுக்காகச் சண்டை போடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் அர்த்தம் தெரியவில்லை.

கப்பில் தாராளமாகக் கிரீஸ் தடவி, குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி, கோனைக் கையால் இறுக்குங்கள். அச்சை விரலால் சுற்றும்போது நறநறவென்றால் இறுக்கம் அதிகம், ஆட்டும்போது டக்டக்கென்றால் தளர்வு. க்விக் ரிலீஸ் (ஸ்பேனர் இல்லாமல் லீவரால் சக்கரத்தை இறுக்குவது) வைத்த ஹப்பாக இருந்தால் இம்மியளவு ஆட்டம் விட்டுவிடுங்கள். லீவரை மூடும்போது அச்சு அமுங்கி அந்த ஆட்டம் காணாமல் போகும். முதல் முறை சரியாக வராது. எனக்கு ஐந்தாவது தடவைதான் வந்தது.

குரோம் பாகங்களில் துருவா? சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், குரோமைவிட அது மென்மை, கீறாது. உப்புத்தாள் பக்கமே போக வேண்டாம்.

பூட்டும்போது, உலோகத்துக்குள் உலோகம் போகும் இடமெல்லாம் கிரீஸ்: சீட் போஸ்ட், ஸ்டெம், பெடல் மரை, பாட்டம் பிராக்கெட் மரை. பிரேக் கட்டை, கேபிள், டயர், டியூப் இவற்றைப் புதிதாகப் போடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பழைய பிரேக் கட்டை கல்லாகியிருக்கும், பிடிக்காது. இத்தாலியில் நடக்கும் எல்’எரோய்கா பழைய சைக்கிள் சவாரியில்கூட, 1987-க்கு முந்தைய வண்டியா, கியர் லீவர் கீழ்க்குழாயில் இருக்கிறதா, பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். டயர் வாங்கும்போது மட்டும் ரிம்மைப் பாருங்கள். 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700சி என்ற அளவு ரிம் என்றால் 622. ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது.

செயினை அளக்க, கண்ணிகளை இணைக்கும் ஒரு ஊசியின் நடுவில் ஸ்கேலின் சுழியை வையுங்கள். 12 அங்குலத்தில் இன்னொரு ஊசியின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 தள்ளியிருந்தால் ஃப்ரீவீல் பற்களும் தேய்ந்திருக்கும்.

கடைசியாக சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துவிட்டு, பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். முதல் சவாரி பக்கத்துத் தெருவோடு போதும். 40, 50 கி.மீ. ஓடியபிறகு கிராங்க் போல்ட்டை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். டப்பாவில் ஒரு வாஷர் மிச்சமிருந்தால், போனில் எடுத்த படங்களைத் திறந்து அது எங்கே இருந்தது என்று பார்த்த பிறகே ஏறுங்கள்.