பாண்டியர் சண்டையைப் பலகையில் ஏற்றுவது எப்படி

கதை உள்ள பலகை விளையாட்டு செய்ய உட்கார்ந்தால், கதையை எழுதாதீர்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். நான் அறுபது அட்டை நிறையக் கதை எழுதினேன். பாளையங்கோட்டை வீட்டில் ஆடியவர்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அட்டையைக் கவிழ்த்தார்கள்.

எடுத்துக்கொண்டது 1160களில் தொடங்கிய பாண்டியர் வாரிசுச் சண்டை. மதுரையில் இருந்த பராக்கிரம பாண்டியனைக் குலசேகரன் முற்றுகையிட்டான். பராக்கிரமன் இலங்கையிடம் உதவி கேட்டான். படை வருமுன் கொல்லப்பட்டான். வந்த தளபதி இலங்காபுரன், பராக்கிரமன் மகன் வீரபாண்டியனை அரியணை ஏற்றினான். குலசேகரன் சோழரிடம் போனான், சோழர் மதுரையை மீட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் அதே குலசேகரன் இலங்கையோடு சேர, சோழர் வீரபாண்டியன் பக்கம் சாய்ந்தார்கள்.

ஆக, நாலு தரப்புக்கும் ஒரே வெற்றி வைக்கக் கூடாது. பாண்டியர் இருவருக்கும் மதுரை வேண்டும். சோழருக்கு, மதுரையில் இருப்பவன் சொன்ன பேச்சு கேட்டால் போதும். இலங்கைக்கு, பாண்டிய நாடு சோழர் கைக்குள் போகக் கூடாது.

முற்றுகைக்குப் புளியங்கொட்டை நாலு. ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் வெள்ளை தெரியும்வரை தேயுங்கள். உருட்டினால் இரண்டு வெள்ளைதான் அடிக்கடி விழும். நாலும் வெள்ளை அபூர்வம். கோட்டை விழ அதை வையுங்கள்.

தாமிரபரணிக்குத் தனி விதி. ஆனி, ஆடியில் மலை மழை. ஐப்பசி, கார்த்திகையில் ஊர் மழை. அந்த நாலு மாதமும் படை ஆற்றைத் தாண்டாது.

இனி ஓலை. ஆளுக்கு மூன்று. வாக்கை எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். காப்பாற்றினால் ஓலை திரும்பி வரும். மீறினால் வாங்கியவரிடமே தங்கும், எப்போது வேண்டுமானாலும் சபையில் வாசிக்கலாம். மூன்றும் போனால் யாரிடமும் உதவி கேட்க முடியாது. இந்த ஒரு விதிக்கு எனக்கு நாலு மாதம் ஆனது.

ஒரு நாள் நான் குலசேகரன், மதினி சோழர். தென்கரைப் படையோடு வருவதாக ஓலை கொடுத்திருந்தேன், ஆறு மறித்துவிட்டது. மதினி ஓலையை விரித்து, "ஆனியில வாரேன்னு எழுதுனீங்களே தம்பி, ஆத்துல தண்ணி வரும்னு தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் வாசித்தார். அடுத்த சுற்றில் வீரபாண்டியனாக ஆடிய அண்ணன் மகளுக்குப் படை அனுப்பினார். எந்த அட்டையிலும் நான் எழுதாத கதை அது.

அன்றிரவே அறுபது அட்டைகளையும் நீளவாக்கில் நறுக்கினேன். அவற்றின் பின்பக்கம்தான் இப்போது ஓலை.